கிடங்கில் என்ன இருக்கிறது? பார்கோடும் ரேடியோ டேக்கும்

வாடிக்கையாளர் கேட்கும் பொருளை "ஸ்டாக் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். சில மாதம் கழித்துப் பார்த்தால், அதே பொருள் கிடங்கின் மூலையில் காலாவதியாகிக் கிடக்கிறது. வியாபாரிகள் பலருக்கும் பழகிப்போன இந்த நஷ்டத்தைத் தவிர்க்க உதவுபவைதாம் பார்கோடும், ஆர்.எஃப்.ஐ.டி. எனப்படும் ரேடியோ டேக்கும்.

பார்கோடு முறைக்கு அமெரிக்கர்களான நார்மன் உட்லேண்டும் பெர்னார்ட் சில்வரும் 1952-இல் காப்புரிமை பெற்றனர். இன்று நாம் காணும் கோடுகள் கடையில் முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது 1974 ஜூன் 26 அன்று, ஓஹியோ மாநிலத்தின் டிராய் நகரில். அன்று ஸ்கேன் செய்யப்பட்ட பொருள் ஒரு சூயிங்கம் பாக்கெட்!

பாக்கெட்டில் உள்ள 13 இலக்க பார்கோடில் விலையும் காலாவதி தேதியும் இருப்பதாகச் சிலர் எண்ணுகின்றனர். அது பொருளின் அடையாள எண் மட்டுமே. கடைசி இலக்கம், எண் சரியாகப் படிக்கப்பட்டதா எனச் சோதிப்பதற்கானது. விலையும் இருப்பும் நம் கணினியில் உள்ளவை. எனவே சரக்கு வந்து இறங்கும்போதே காலாவதி தேதியையும் நாம்தான் பதிய வேண்டும்.

ரேடியோ டேக் நமக்குப் புதிதல்ல. வாகனக் கண்ணாடியில் ஒட்டும் ஃபாஸ்டேக் இதே நுட்பம்தான். அதில் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்று, தன் எண்ணைத் திருப்பி அனுப்பும். பார்கோடை ஒவ்வொன்றாக ஸ்கேனருக்குக் காட்ட வேண்டும். ரேடியோ டேக்கோ, மூடிய அட்டைப்பெட்டிக்குள் இருந்தாலும் சில மீட்டர் தூரத்திலிருந்தே படிக்கப்பட்டுவிடும். பல டேக்குகளைச் சில நொடிகளில் எண்ணிவிடலாம். ஆனால் உலோகமும் தண்ணீரும் அலைகளுக்கு இடையூறு. எண்ணெய் டின்னுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் சாதாரண டேக் சரிப்படாது.

டேக்கைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பார்கோடு அச்சிடும் செலவோடு முடிந்துவிடும். ஆகவே மளிகைக்குப் பார்கோடே போதும். அளவும் நிறமும் பலவாக உள்ள ஜவுளிக்கும் காலணிக்கும் டேக் பலன் தரும்.

எந்தக் கருவியானாலும் நாம் காட்டியதைத்தான் எண்ணும். உடைந்தது, திரும்பி வந்தது, வீட்டுக்கு எடுத்துச் சென்றது என எதைப் பதியாமல் விட்டாலும் கணக்கு பொய்த்துவிடும். வாரம் ஓர் அலமாரியையாவது கையால் எண்ணி, கணினிக் கணக்கோடு ஒப்பிடுவோம். வித்தியாசம் வந்தால், எந்தப் பதிவு விடுபட்டது என்று அன்றே தேடுவோம்.