ஆறு மாத விடுப்பும் ஒரு குதிகாலும்

"தம்பி, நீயாவது அவன்கிட்ட சொல்லேன். ஆறு மாசம் சம்பளமில்லாம லீவு போட்டிருக்கான். மத்தியானம் ரெண்டு மணிக்கு இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குறான்" என்று அக்கா போனில் குறைப்பட்டுக்கொண்டாள்.

அவள் மகனுக்கு 34 வயது. மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பன்னிரண்டு வருடம் ஓடியபின் முதல்முறையாக நீண்ட விடுப்பு கேட்டு வாங்கியிருக்கிறான். அதை அவன் ஊர் சுற்றச் செலவழிக்கவில்லை. அயர்ன்மேன் தூரத்து டிரையத்லானுக்குத் தயாராகிறான். 3.8 கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் 180 கிலோமீட்டர் சைக்கிள், அதிலிருந்து இறங்கியதும் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றும் ஒரே நாளில். பெரும்பாலான போட்டிகளில் 17 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும்.

விடியற்காலை நாலரைக்கு எழுந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம்வரை சைக்கிள் மிதித்துத் திரும்பிவிட்டுத்தான் அவன் அப்படிப் படுக்கிறான். அக்காவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அவன் உடம்பு வேலை செய்யுற நேரமே அதுதான்கா. எழுப்பிடாதே." நீச்சலும் சைக்கிளும் ஓட்டமும் உடம்புக்கு எழுதிப் போடும் விண்ணப்பங்கள். அவற்றைப் படித்துப் பார்த்து உள்ளே மராமத்து நடப்பது அவன் அசையாமல் கிடக்கும்போது. அந்த மராமத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வேகம். சில நாட்களில் மாறுவதும் உண்டு, வருடக்கணக்கில் மாறாததும் உண்டு. ஆறு மாத விடுப்பு ஒன்று உடம்புக்குள் எதுவரை எட்டும் என்று யோசிக்க யோசிக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

இந்த அயர்ன்மேன் போட்டி பிறந்தது ஒரு வாக்குவாதத்தில். நீச்சல்காரரா, ஓட்டக்காரரா, சைக்கிள்காரரா, யாருடைய உடம்பு உறுதியானது என்று ஹவாய் தீவுகளில் பேச்சு கிளம்பியது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும், ஓவாஹு தீவில் தனித்தனியாக நடந்துவந்த ஒரு கடல் நீச்சல், ஒரு சைக்கிள் பயணம், ஒரு மாரத்தான் மூன்றையும் ஒன்றாகக் கோத்துவிட்டார்கள். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் ஆனது. இன்றைய முன்னணி வீரர்கள் 8 மணி நேரத்துக்கும் குறைவாக முடிக்கிறார்கள்.

பயிற்சி தொடங்கியதும் முதலில் மாறுவது இரத்தம். ஒரு வாரத்துக்குள்ளேயே அதன் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடிவிடுகிறது. இரத்தம் பெருகினால் இதயம் ஒரு துடிப்புக்கு அதிகமாகத் தள்ளும். அதே வேகத்துக்குக் குறைவாகத் துடித்தால் போதும். சென்னை வெயிலில் இந்தக் கூடுதல் நீர் இன்னொரு வேலையும் பார்க்கிறது. நம் தசைகள் எரிக்கும் ஆற்றலில் கால்பங்குக்குக் கொஞ்சம் குறைவுதான் மிதியாகவும் ஓட்டமாகவும் மாறுகிறது. மிச்சம் முழுக்க வெப்பம். அந்த வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவருவதும் இரத்தம், வியர்வைக்கு நீர் தருவதும் இரத்தம். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். ஆவியாகாமல் மூக்கு நுனியில் சொட்டிப் போகும் வியர்வையால் ஒரு பயனும் இல்லை. கடலோரப் புழுக்கத்தில் நிறைய வியர்வை அப்படித்தான் வீணாகிறது.

விடுப்பின் முதல் வாரத்தில் அவன் கழற்றி வைத்த கறுப்புத் தொப்பியைப் பார்த்தேன். விளிம்பைச் சுற்றி அலையலையாக உப்புப் பூத்திருந்தது, மரக்காணத்து உப்பளத்தின் பாத்தி ஓரம்போல. மூன்றாவது வாரம் அதே தொப்பி, அதைவிட நீண்ட தூரம். ஆனால் வெள்ளைக் கோடு மங்கியிருந்தது. வெயிலுக்குப் பழகிய உடம்பு முன்னைவிடச் சீக்கிரம் வியர்க்கும், நிறையவும் வியர்க்கும். அதேநேரம் வியர்வைச் சுரப்பிகள் உப்பைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளப் படித்துவிடும். பத்துப் பதினான்கு நாளில் நடந்து முடிகிற இந்த மாற்றத்தைத் தொப்பியிலேயே பார்க்க முடிந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அடுத்தது தசை. தசையணுக்களுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் அடுப்புகள் மைட்டோகாண்ட்ரியா. இவை எண்ணிக்கையிலும் பருமனிலும் கூடக்கூடியவை என்பது ஒரு காலத்தில் தெரியாது. செயிண்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹாலோசி எலிகளை வாரக்கணக்கில் டிரெட்மில்லில் ஓடவைத்தார். ஓடிய எலிகளின் கால் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் ஆக்சிஜன் எரிக்கும் திறன் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்ததை 1967-இல் வெளியிட்டார். இன்றைய நெடுந்தூரப் பயிற்சி முழுவதும் இந்தக் கண்டுபிடிப்பின்மேல்தான் நிற்கிறது.

அடுப்பு கூடுவதால் என்ன லாபம்? கணக்கைப் பாருங்கள். இந்தப் போட்டியை முடிக்கச் சாதாரண ஆள் ஒருவருக்கு 8,000 முதல் 10,000 கிலோகலோரி செலவாகும். இட்லியில் சொன்னால் நூற்றைம்பதுக்கு மேல். தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்தாகச் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் மொத்தமே 2,000 கிலோகலோரி அளவுதான். ஆனால் 70 கிலோ எடையுள்ள ஒல்லியான ஆளிடம்கூடப் பத்துக் கிலோ கொழுப்பு இருக்கும். அது 75,000 கிலோகலோரிக்கு மேல். பக்கத்திலேயே ஏரி நிறையத் தண்ணீர், வீட்டிலோ ஒரு குடம். கொழுப்பை எரிக்க ஆக்சிஜன் வேண்டும், நேரம் வேண்டும், அடுப்பு நிறைய வேண்டும். மைட்டோகாண்ட்ரியா கூடக் கூட, அதே வேகத்தில் போகும்போது உடம்பு கொழுப்பை அதிகம் எடுத்துக்கொண்டு குடத்துத் தண்ணீரைச் சேமிக்கிறது.

அதற்கு மெதுவாக ஓட வேண்டும். இது கேட்பவர்களுக்கு நம்பிக்கை தராத செய்தி. நார்வேயில் வாழும் அமெரிக்க உடலியல் அறிஞர் ஸ்டீஃபன் சைலர், உலகத்தரமான நெடுந்தூர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை அலசிப் பார்த்தபோது, அவர்களுடைய பயிற்சிகளில் ஐந்தில் நான்கு மிகச் சுலபமான வேகத்தில் இருந்ததைக் கண்டார். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். அக்கா மகன் என்னிடம் போனில் பேசுவதே பெரும்பாலும் ஓடும்போதுதான். "மாமா, மூச்சு வாங்குறது கேக்குதா?" என்பான். கேட்டால் வேகத்தைக் குறைத்துவிடுவான்.

சைக்கிளின்மேல் உட்கார்ந்திருக்கும் ஆறேழு மணி நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டும் போக வேண்டும். அதற்குக் குடலையும் பழக்க வேண்டும் என்பது எனக்குப் புதிய செய்தி. குளுக்கோஸ் குடல்சுவரைக் கடக்க ஒரு வாசல் இருக்கிறது. அதன் வழியே மணிக்கு 60 கிராம் அளவுக்குத்தான் போகும். அதற்குமேல் குடித்தால் வயிற்றில் தேங்கிக் குமட்டும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்குத் தனியாக இன்னொரு வாசல். இரண்டையும் கலந்து குடித்தால் மணிக்கு 90 கிராம்வரை உள்ளே போய்விடும். வெல்லத்தில் உள்ள சர்க்கரை உடையும்போது பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். அந்தக் குளுக்கோஸ் வாசலோ சோடியத்தையும் கூடவே அழைத்துக்கொண்டுதான் திறக்கும். அதனால்தான் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் வயிற்றுப்போக்கில் உயிர் காக்கிறது. 1971-இல் வங்காளதேச அகதிகள் தங்கியிருந்த முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் அந்தக் கரைசலால் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார். வெல்லம், எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, சுக்கு: அவன் பாட்டிலில் இருப்பது ராமநவமிப் பானகம்தான். பாட்டி கைப்பக்குவத்தைவிடக் கொஞ்சம் உப்புத் தூக்கல்.

இப்போது அக்காவின் புகாருக்கு வருகிறேன். வேலையில் இருந்துகொண்டே இந்தப் போட்டிக்குத் தயாராகிறவர்கள் நிறையப் பேர். அவனும் போன வருடம் அப்படித்தான் முயன்றான். அமெரிக்க வாடிக்கையாளரோடு இரவு பதினொன்றுவரை கூட்டம், விடிகாலை நாலரைக்கு அலாரம். பயிற்சி ஒன்றும் விட்டுப்போகவில்லை; விட்டுப்போனது தூக்கம். ஐந்து மாதத்தில் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வந்தன. கால் கனத்தது, வேகம் கூடவில்லை. வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். பயிற்சியில் நைந்த தசைப்புரதங்களைப் புதுப்பிக்கவும், காலியான கிளைக்கோஜனை நிரப்பவும் ஒரு முழுநாள்கூட ஆகும். விண்ணப்பம் குவிந்துகொண்டே போய், அலுவலகம் பூட்டியே கிடந்தால் என்ன நடக்கும்? விடுப்பு அவனுக்குக் கொடுத்த பெரிய கொடை அந்தத் தூக்கம்தான். கூடுதலாகக் கிடைத்த பயிற்சி நேரம் அதற்கு அடுத்தபடி.

அப்படியானால் படுத்தே கிடக்கலாமா? டாலஸ் நகரத்தில் 1966-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கவைத்தார்கள். உடம்பு உச்சமாக எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு கால்பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்து மீண்டும் அளந்தார்கள். முப்பது வருட முதுமை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது, அந்த மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டதைவிடக் குறைவு! பிறகு, ஐம்பது வயதில், சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சியை அவர்களுக்குக் கொடுத்தார்கள். படுக்கைக்குப் போகுமுன் இருபது வயதில் இருந்த அதே அளவுக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். அந்தப் பயிற்சிக்கு ஆன காலம் ஆறு மாதம். இதைப் படித்த நாளில் நான் எழுந்துபோய் என் பழைய கான்வாஸ் ஷூவைத் தேடி எடுத்தேன்.

ஐம்பதோடு இது நின்றுவிடுவதும் இல்லை. ஜப்பானியர் ஹிரோமு இனாடா அறுபது வயதில் பணி ஓய்வு பெற்ற பிறகுதான் நீச்சல் பழகத் தொடங்கினார். எழுபதில் முதல் டிரையத்லான். 2018-இல், தமது 85-ஆவது வயதில், ஹவாயின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் உலகச் சாம்பியன் போட்டியைக் கெடு நேரத்துக்குள் முடித்தார்.

ஆனால் இரத்தத்தையும் தசையையும்போல எலும்பும் தசைநாணும் விரைந்து வருவதில்லை. எலும்பில் பழைய பகுதியை முதலில் அணுக்கள் தோண்டி எடுக்கும். பிறகுதான் புதியது பூசப்படும். ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். புதிதாக ஓட வந்தவர்களுக்கு, மூச்சு நன்றாகப் பழகிய நேரத்தில் காலெலும்பில் விரிசல் விடுவது இந்த இடைவெளியில்தான்.

தசைநாணின் கதை இன்னும் விந்தையானது. 1950-களின் நடுவிலிருந்து 1963 வரை வல்லரசுகள் வானவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கார்பன்-14 ஏறத்தாழ இரண்டு மடங்காகி, தடை உடன்படிக்கைக்குப் பிறகு ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே வந்தது. காற்றில் இருப்பது பயிரில் ஏறும், பயிரில் இருப்பது உடம்பில் ஏறும். ஆகவே உடம்பின் ஒரு திசு எந்த வருடம் உருவானது என்பதை அதிலுள்ள கார்பன்-14 சொல்லிவிடும். டென்மார்க் ஆய்வாளர்கள் குதிகால் நாணின் நடுப்பகுதியை இப்படிப் பரிசோதித்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். தசை அவ்வப்போது புதுப்பிக்கப்பட்டிருந்தது. நாணின் நடுப்பகுதியோ, அந்த மனிதர் உயரமாக வளர்ந்த பருவத்தில், பதினேழு வயதுக்குள் கட்டப்பட்டு, அதன்பின் புதுப்பிக்கப்படவே இல்லை.

அக்கா மகனின் குதிகாலில் இருக்கும் அந்தக் கயிறு அவன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுமுன் முறுக்கி முடிக்கப்பட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் கபடி ஆடிய காலத்துக் கயிறு. ஓட்டத்தில் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல ஆறு மடங்குக்கும் மேலான இழுவிசை அதன்மேல் விழும். ஒரு மாரத்தானுக்குச் சுமார் 40,000 அடிகள். பாதி ஒரு காலுக்கு.

நான்காவது மாதத் தொடக்கத்தில் இடது குதிகால் நாண் அவனுக்கு நோகத் தொடங்கியது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் பத்து அடி தள்ளாட்டம். மூச்சும் தசையும் முன்னே போய்விட்டன, நாண் பின்தங்கிவிட்டது. பிசியோதெரப்பிஸ்ட் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, சுவீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரட்சன் 1998-இல் வெளியிட்ட ஒரு பயிற்சியைக் கொடுத்தார். மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, நோகும் காலின் குதிகாலை மெல்லப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். பதினைந்து முறை, மூன்று தடவை. முழங்காலை நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை. காலை, மாலை. ஆக நாளுக்கு 180 இறக்கங்கள். 12 வாரம், ஒருநாள் விடாமல்.

ஆறு மாத விடுப்பு முடிந்தபோது அந்தப் பயிற்சியில் பதினோராவது வாரம் நடந்துகொண்டிருந்தது. வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்கு அவனிடமிருந்து போன். பின்னால் லிஃப்ட் மணி ஒலித்தது. "ஆபீஸ் மாடிப்படியில நிக்கிறேன் மாமா, ஷூவைக் கழட்டிட்டு. போறவங்க வர்றவங்க எல்லாம் பாக்குறாங்க. இருங்க, எண்ணிக்கிட்டிருக்கேன்" என்றவன், பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணத் தொடங்கினான்.