எல்லா நத்தைகளும் எதிரிகள் அல்ல

கடலூர் மாவட்டம் புவனகிரி வட்டத்தில், நெய்வேலி நிலக்கரிச் சுரங்கப் பகுதியை ஒட்டி அமைந்த ஊர் வளையமாதேவி. நெல்லே இங்கு முக்கியப் பயிர். இப்பகுதியில் ஐப்பசி மழை இறங்கியதும் நத்தைகளும் வெளிவரும். அவற்றைக் கண்டவுடன் நசுக்கிவிடுவதே பலருடைய வழக்கம். ஆனால் பயிரைத் தின்னும் நத்தைகள் சிலவே என்பதை உழவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

வயலில் ஒன்று, வரப்பில் வேறு

நீர் நிற்கும் நெல் வயலில் காண்பது நீர் நத்தை. ஓட்டின் வாயை அடைத்துக்கொள்ள அதற்குக் கெட்டியான மூடி உண்டு. நத்தைகுத்தி நாரைக்கு இதுவே முக்கிய உணவு. சமைத்து உண்பவர்களும் உண்டு.

நில நத்தைகள் வேறு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மூடி கிடையாது. இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நில நத்தை இனங்கள் உள்ளன. மிளகளவுகூட இல்லாதவை பல. சருகு, நிழல், ஈரம், சுண்ணாம்புச் சத்து ஆகியவை இவற்றின் தேவைகள். உழவு இவற்றின் முட்டைகளை வெயிலில் புரட்டிப் போட்டுவிடும். எனவே வரப்புப் புதர், வேலியோரம், கோயில் காடு போன்ற உழாத இடங்களே இவற்றுக்குப் புகலிடம். கடலூர் அருகே குழந்தைக்குப்பம், திருமாணிக்குழி ஆகிய ஊர்களில் அத்தகைய கோயில் காடுகள் உள்ளன.

இலங்கையின் தென்மேற்கு மழைக்காடுகளையும் கிராமத்து வீட்டுத் தோட்டங்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2008ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அந்நாட்டுக்கே உரிய நத்தைகளுக்குக் காடுகளே முக்கியப் புகலிடமாக இருந்தன. வீட்டுத் தோட்டங்களிலோ வெளிநாட்டு இனங்கள் மிகுந்திருந்தன.

கப்பலில் வந்த எதிரி

உண்மையான எதிரி ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847ஆம் ஆண்டில் நத்தை ஆய்வாளர் பென்சன் என்பவர் மொரீஷஸ் தீவிலிருந்து கல்கத்தாவுக்கு இதைக் கொண்டுவந்தார். இன்று தமிழ்நாட்டிலும் பல இடங்களில் பரவியுள்ளது. ஓடு கைவிரல் நீளம் வளரும்; பழுப்பு நிறத்தில் கோடுகள் இருக்கும். ஒரே தடவையில் நூறு முட்டைகளுக்கு மேல் இடும். வாழை, பப்பாளி, காய்கறி நாற்று எதையும் விடாது. கோடையில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் உறங்கும். மழை பெய்ததும் கிளம்பும்.

நாட்டு நத்தைகளின் பயன்

நாட்டு நத்தைகளில் பல, சருகையும் பூஞ்சையையும் தின்று மண்ணுக்கு உரமாக்குகின்றன. மின்மினியின் புழுக்கள் நத்தைகளைத் தின்றே வளர்கின்றன. செண்பகப் பறவைக்கும் நத்தை இரையாகும். நெதர்லாந்து நாட்டில் மண் புளித்துப்போன காடுகளில் நத்தைகள் குறைந்தன. அங்கே சிறு பறவைகளின் முட்டை ஓடுகள் மெலிந்து உடைந்தன. நத்தை ஓட்டின் சுண்ணாம்பு கிடைக்காததே காரணம் என்று 1994ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் தெரிவித்தனர்.

வரப்புக்குக் கணக்கு உண்டா?

2023ஆம் ஆண்டு ஜூலை மாதம், பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக மேல்வளையமாதேவியில் விளைந்துகொண்டிருந்த நெல் வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பயிருக்கு இப்படிக் கணக்குப் போட முடிந்தது. ஆனால் வயலோடு வரப்பும் போகும். அதில் வாழும் உயிர்களுக்குக் கணக்குப் போடுவார் இல்லை. மாடு வேறு மேய்ச்சல் தேடிப் போகும், பறவை பறந்துவிடும். நத்தையால் அப்படி ஓட முடியாது. மண் மூடி மரம் நட்டாலும், அருகில் உழாத துண்டு நிலம் மிஞ்சியிருந்தால்தான் அது ஊர்ந்து திரும்ப வழியுண்டு.

செய்ய வேண்டியவை

ராட்சத நத்தை தென்பட்டால் மாலையில் ஈரச் சாக்கு விரித்து, பப்பாளி இலை அல்லது முட்டைக்கோஸ் இலை போட்டு வைக்கலாம். காலையில் அடியில் கூடியிருப்பவற்றைக் கையுறை அணிந்து பொறுக்கி, கெட்டியான உப்புக் கரைசலில் இட்டுக் கொன்று, வயலுக்கு வெளியே புதைக்க வேண்டும். மூளைக் காய்ச்சலை உண்டாக்கும் புழு இந்நத்தையில் இருக்கக்கூடும். ஆதலால் வெறுங்கையால் தொடக்கூடாது. காய்கறிகளை நன்கு கழுவ வேண்டும். மெட்டால்டிஹைடு குருணை ராட்சத நத்தையோடு நாட்டு நத்தையையும் கொல்லும். நாய், கோழிக்கும் ஆபத்து. எனவே வரப்பு முழுதும் அதைத் தூவுவது கூடாது.

வரப்போரத்தில் ஒரு முழப் புதரை விட்டுவைப்பதால் விளைச்சல் குறைந்துவிடாது. மழை இரவில் அங்கே மின்மினி மினுக்கினால், நாட்டு நத்தைகள் இன்னும் இருக்கின்றன என்று கொள்ளலாம்.