குமிழ் சுத்துது, முள் நகரல: பழைய ரேடியோவுக்கு டயல் நூல் மாத்துவது எப்படி?

உங்க வீட்டுப் பரண்லயோ, தாத்தா வீட்டு அலமாரியிலயோ பழைய மர்ஃபி, புஷ், பிலிப்ஸ்னு ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ கிடக்குதா? செல் போட்டா இரைச்சல் வருது, ஆனா குமிழைத் திருப்பினா முள் அசையவே மாட்டேங்குதா? பழைய இரும்புக்கடைக்குப் போடுறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிங்க. பல செட்டுகள்ல போனது சர்க்யூட் இல்ல, உள்ளே ஓடுற ஒரு நூல் மட்டும்தான்.

நூலுக்கு என்ன வேலை?

நீங்க குமிழைத் திருப்பும்போது உண்மையில் திரும்ப வேண்டியது கேங் கண்டென்சர். நிலையான தகடுகளுக்கு நடுவில் நகரும் தகடுகள் உள்ளே போய் வெளியே வரும். முழுசா உள்ளே இருந்தா கொள்திறன் அதிகம், அதனால அதிர்வெண் குறைவு. வெளியே வர வர அதிர்வெண் ஏறும். இந்த மொத்தப் பயணமும் வெறும் 180 டிகிரி.

மீடியம் வேவ் சுமார் 530-லிருந்து 1600 கிலோஹெர்ட்ஸ் வரை. நம்ம பக்கம் நிலையங்களுக்கு 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இடம் ஒதுக்கியிருக்காங்க. சென்னை 720, திருச்சி 936, மதுரை 1269 - எதை வேணா 9-ஆல் வகுத்துப் பாருங்க, மீதி வராது. அப்படின்னா 180 டிகிரிக்குள்ள கிட்டத்தட்ட 119 இடங்கள். ஒரு இடத்துக்குச் சராசரியா 1.5 டிகிரி. கையால இவ்வளவு நுணுக்கமா திருப்ப முடியாது.

அதுக்குத்தான் நூல். கேங் தண்டில் 60 மி.மீ. விட்டமுள்ள டிரம், குமிழ்த் தண்டு 6 மி.மீ. விட்டம்னு வச்சுக்குவோம். டிரம் அரைச் சுற்று போக, குமிழ் 5 சுற்று போகணும். இப்போ ஒரு நிலையத்திலிருந்து அடுத்த இடத்துக்குக் குமிழை 15 டிகிரி திருப்பலாம். அதே நூல்தான் முள்ளையும் டிரம்மின் அரைச் சுற்றளவுக்கு, அதாவது சுமார் 94 மி.மீ. தூரத்துக்கு இழுத்துட்டுப் போகுது.

தண்டில் எத்தனை சுற்று?

முதல் வருஷ மெக்கானிக்ஸ்ல பெல்ட் ஃப்ரிக்ஷன் படிச்சது ஞாபகம் இருக்கா? இறுக்கமான பக்க இழுவிசைக்கும் தளர்வான பக்க இழுவிசைக்கும் உள்ள விகிதம், 2.718-ஐ மியூ பெருக்கல் தீட்டா என்ற அடுக்குக்கு உயர்த்தினா வர்றது. உராய்வுக் குணகம் 0.2-ன்னு எடுத்துக்கிட்டா ஒரு சுற்றுக்கு விகிதம் 3.5, ரெண்டு சுற்றுக்கு 12, மூணு சுற்றுக்கு 43. அதனாலதான் ஒரு சுற்று போட்டா நூல் வழுக்குது, ரெண்டு மூணு போட்டா கப்புனு பிடிக்குது. அப்போ பத்து சுற்று போடலாமேன்னு தோணும். வேண்டாம். குமிழ் திரும்பும்போது சுற்றுகள் தண்டு நெடுக நகரும். அதிகமா இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிச் சிக்கிக்கும்.

வேலைக்கு இறங்கலாம்

1. பாதுகாப்பு முதல்ல. செல்லைக் கழட்டுங்க. கரண்ட்டில் ஓடும் செட்னா பிளக்கை உருவிட்டுத்தான் மூடியைத் திறக்கணும். பழைய வால்வ் செட் சிலதுல சேசிஸ்லயே கரண்ட் இருக்கும். பிளக்கை எடுத்த பிறகும் கண்டென்சர்ல நூத்துக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். வால்வ் செட்னா அனுபவம் உள்ள ஒருத்தரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு மட்டும் செய்யுங்க.

2. டிரம்மை விரலால் மெதுவா திருப்பிப் பாருங்க. சுலபமா சுத்தணும். இறுக்கமா இருந்தா, தண்டின் பேரிங்கில் பழைய கிரீஸ் கெட்டியாகியிருக்கு. அதைச் சரி பண்ணாம நூல் மாத்தினா புது நூலும் வழுக்கும். பேரிங்கில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் போதும். தகடுகள் மேல படக்கூடாது.

3. பழைய நூலை அறுத்து எறியாதீங்க. முதல்ல போன்ல நாலு கோணத்துல படம் எடுங்க, பிறகு பேப்பரில் வரைஞ்சுக்கோங்க: எந்தக் கப்பிக்கு மேல, எதுக்குக் கீழ, தண்டில் எந்தப் பக்கமா சுத்தியிருக்கு, ஸ்பிரிங் எங்கே. நூல் அறுந்து தொங்கினாலும் கப்பிகளின் இடத்தை வச்சுப் பாதையைக் கண்டுபிடிச்சுடலாம். சில செட்டுல டிரம்முக்கு ஒரு நூல், முள்ளுக்கு ஒரு நூல்னு ரெண்டு இருக்கும்.

4. புது நூல் பின்னல் நூலா, நீளாததா, பழைய நூலின் தடிமனுக்குப் பக்கத்தில் இருக்கணும். தையல் நூல் அறுந்துடும். ஒற்றை இழை தூண்டில் நரம்பு வழுக்கும், நாள் போகப் போக நீளும். பழைய நூலைவிட ஒரு சாண் கூடுதலா வெட்டிக்கோங்க.

5. கேங் தகடுகளை முழுசா உள்ளே மூடுங்க. அப்போதான் தகடு வளையாது, தொடக்கமும் தெளிவா இருக்கும். டிரம்மின் கொக்கியில் ஒரு முனையைக் கட்டி, வரைபடத்தின்படி ஓட்டிட்டு வாங்க. வழியில நூல் நழுவாம இருக்க டிரம்மில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கலாம். தண்டில் சுற்றும் திசை மாறினா குமிழை வலப்பக்கம் திருப்ப முள் இடப்பக்கம் போகும்.

6. கடைசி முனையை ஸ்பிரிங்கில் கட்டுங்க. ஸ்பிரிங் கொஞ்சம் விரிஞ்ச நிலையில் நிக்கணும். முழுசா விரிஞ்சா தண்டுக்குப் பாரம், விரியவே இல்லைன்னா நூல் தொளதொளன்னு இருக்கும். ரெண்டு முடிச்சுலயும் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைங்க, அவிழாது.

7. இன்னும் வழுக்கினா, சால்டரிங்குக்கு வச்சிருக்கிற ரோசின் கட்டியைப் பொடி பண்ணி தண்டுப் பக்கத்து நூலில் லேசா தேய்ங்க.

8. முள்ளைக் கடைசியில மாட்டுங்க. தகடுகள் மூடியிருக்கும்போது முள் குறைந்த அதிர்வெண் முனையில் நிக்கணும். பிறகு உங்க ஊரில் தெளிவா கேட்கிற நிலையத்தை வச்சு, முள்ளை நகர்த்திச் சரியான எண்ணில் நிறுத்துங்க. ஒரு முனையில் சரியா இருந்து மறுமுனையில் தள்ளி நின்னா அது நூலோட குத்தம் இல்ல. டிரிம்மர், காயில் சரி பண்ற வேலை. அதைத் தெரியாம திருகாதீங்க.

முதல் தடவை அரை நாள் ஆகலாம். நூல் ரெண்டு மூணு தடவை நழுவிக் கையை விட்டு ஓடும். சலிச்சுக்காம திரும்ப ஓட்டுங்க. இந்த வேலையைக் கையோட செஞ்சு பழகின மெக்கானிக்குகள் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. நூலோட பாதை தெரியாம இன்னொருத்தர் செட்டை மூலையில் போட்டுடக்கூடாதுல்ல? அதனால முடிச்சதும் நீங்க வரைஞ்ச படத்துல தேதியையும் எழுதி, பின் மூடியின் உள்பக்கம் ஒட்டிட்டு மூடுங்க.