கடுக்காய் மரமும் ஊவாவின் மருந்துக் காடும்

ஊவாவின் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்தோர் நன்கறிந்த பயிர் தேயிலை. அதற்கு நிழல் தரும் கிரவிலியா மரம் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. இவ்விரண்டும் இம்மாகாணத்தில் வேரூன்றி இரு நூற்றாண்டுகள் நிறையவில்லை. இவற்றிற்கு நெடுங்காலம் முன்னரே இம்மண்ணுக்கு உரியதாய் நின்ற மரம் கடுக்காய். சிங்களத்தில் இதனை அரலு என்பர்.

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வழியாக இறங்கிப் பிபிலையை அடைவோமாயின், அதற்கப்பால் நில்கல என்னும் காட்டுப் பகுதியைக் காணலாம். அது அடர்ந்த வனமன்று; உயர்ந்த புல்லும் இடையிடையே விட்டு விட்டு நிற்கும் மரங்களும் கொண்ட புல்வெளிக் காடு. வடகீழ்ப் பருவமழையின் ஈரம் நீங்கியபின் அங்கு நெடிய வறட்சி நிலவும். அவ்வறட்சியையும் அக்காலத்தில் மூளும் தீயையும் தாங்கவல்ல கடுக்காய், தான்றி, நெல்லி, வேங்கை ஆகியனவே அங்கு மிகுந்துள்ளன. முதல் மூன்றின் காய்களும் சேர்ந்ததே திரிபலை. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் ஆண்டவனும் மருத்துவத்தில் வல்லவனுமாகிய புத்ததாச மன்னனின் மூலிகைத் தோட்டமே இது என்று செவிவழி மரபொன்று கூறும்.

தாவர நூலார் கடுக்காயைத் தெர்மினாலியா செபுலா என்பர். இது இலையுதிர்க்கும் பெருமரம். பூக்கள் சிறியன, வெளிறிய நிறத்தன, அவற்றின் மணம் விரும்பத்தக்கதன்று. உலர்ந்த காயில் நீளவாட்டில் ஐந்து வரம்புகள் தெரியும். தான்றிக்காயோ உருண்டையானது, மென்மயிர் போர்த்தது. கடையிற் சரக்கு வாங்குவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நன்று.

கடுக்காய்த் தோட்டில் தனின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைந்துள்ளது. தோல் பதனிடவும், துணிச் சாயம் நிலைக்கவும், இரும்புப் பொருளோடு கூட்டிக் கறுப்பு மை ஆக்கவும் முன்னோர் இதனைக் கையாண்டமைக்குக் காரணம் அதுவே. சித்த மருத்துவர் கொட்டையை நஞ்செனக் கழித்துத் தோட்டினை மட்டுமே கொள்வர். மலச்சிக்கலுக்கு இளக்கியாகவும், வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கும் நீராகவும் அது பயன்படும். பௌத்த பிக்குகள் மருந்தாக வைத்திருக்க விநயபிடகம் இசைந்த காய்களுள் திரிபலையின் மூன்றும் அடங்கும். திபெத்திய ஓவியங்களில் மருத்துவப் புத்தர் ஏந்துவதும் கடுக்காயே. ஆயினும், கருவுற்ற மாதர் இதனை உண்ணலாகாது. சகல நோய்க்கும் மருந்தெனக் கருதித் தாமே அளவு வகுத்துக்கொள்வதும் தவறு.

இம்மரத்திற்கு இன்று நேர்ந்துள்ள இடர் யாது? முதிர்ந்த மரத்தின் தடித்த பட்டை தீயைத் தாங்கும், இளங்கன்று தாங்காது. வேரிலிருந்து மீண்டும் துளிர்த்தாலும், வேட்டைக்கும் மேய்ச்சலுக்குமாக ஆண்டுதோறும் புல்லுக்குத் தீ வைக்கப்படின், அது மரமாக உயர இடமில்லை. காய்களை முழுவதும் பொறுக்கிச் சென்றால் முளைக்க விதையுமில்லை. கிழமரங்கள் நிற்பதைக் கண்டு காடு நலமாயுள்ளதென நாம் எண்ணுகின்றோம். பின்வரும் தலைமுறை நிலத்தில் இல்லை என்பதே உண்மை.

கடுக்காயின் கொட்டை வன்மையானது, எளிதில் முளையாது. ஆகவே கன்று வளர்த்தல் பொறுமையுள்ளோர் செய்யும் பணி. பொறுமை பயிற்றுவதற்குக் கல்விக்கூடத்தினும் ஏற்ற இடம் வேறில்லை. இவ்விழாவின் நினைவாக நம் கல்லூரி வளவில் கடுக்காய், தான்றி, நெல்லி என மும்மரங்களை நாட்டிப் பேணுதல் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் ஒருங்கே தகும். அவற்றின் நிழலில் அமரப்போகின்றவர் நம் பேரர்.