இரும்புச் சங்கிலி – 11: கணவாய் ஏறிய கேடிலாக்

சென்ற வாரம் இந்தத் தொடர் அசல் உத்தரின் கரும்புக் காட்டில், வாய்க்கால் நீரில் புதைந்து கிடந்த பேட்டன் டாங்கிகளோடு நின்றது. அப்துல் ஹமீதையும் அவருடைய ஜீப்பையும் மறந்துவிட்டவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வாரத்துக்குச் சொல்லியிருந்தது ஆவடி. கனரக வாகனத் தொழிற்சாலையில் விஜயந்தா டாங்கி பிறந்த கதை. ஆனால் அந்தக் கதையைத் தொடங்கினாலே முதல் வரியில் ஓர் எண் வந்து வழியை மறிக்கிறது: 39 டன். அதற்கு முன் இந்தியப் படையிடம் இருந்த செஞ்சூரியன் 50 டன்னைத் தாண்டியது. பிந்தைய செஞ்சூரியன்களில் இருந்த அதே 105 மில்லிமீட்டர் பீரங்கிதான் விஜயந்தாவிலும். கவசத்தை மெலிதாக்கித்தான் பத்து டன்னுக்கு மேல் இறக்கினார்கள். கவசம் மெலிந்தால் உள்ளே இருக்கும் நான்கு பேருக்கு ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு படை எடையைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்படுகிறது? இதைப் பேசாமல் ஆவடிக்குள் நுழைய முடியாது.

டாங்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் பீரங்கியைப் பார்ப்பார்கள், கவசத்தைப் பார்ப்பார்கள். அதன் அடியில் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. பாலமோ சாலையோ விமானத்தின் தளமோ தாங்கினால்தான் பீரங்கிக்கு வேலை. சிவில் பொறியியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்தியன் ரோடு காங்கிரஸ் பாலங்களுக்கு வகுத்த விதிகளில் ‘கிளாஸ் ஏஏ’ என்றொரு சுமை உண்டு. எடை 70 டன். சக்கரத்துக்குப் பதில் இரண்டு சங்கிலிகள். ஒவ்வொன்றும் 3.6 மீட்டர் நீளத்துக்கும் 85 சென்டிமீட்டர் அகலத்துக்கும் தரையில் பதிகிறது. பாடப்புத்தகம் அதை ‘டிராக்டு வெஹிக்கிள்’ என்று அடக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறது. கணக்குப் போடும் மாணவர் தாளில் ஏற்றுவது ஒரு டாங்கியைத்தான். டாங்கியையே பார்த்திராத ஊரின் நெடுஞ்சாலைப் பாலங்கள்கூட இந்த வகைச் சங்கிலி வண்டி தன்மேல் ஊர்ந்து போகும் என்ற கற்பனையில் கட்டப்பட்டவை.

1948-இல் காஷ்மீரில் அப்படிப்பட்ட பாலங்கள் இல்லை. அங்கேதான் இந்த வாரக் கதை மாட்டிக்கொண்டது.

அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து சோஜிலா கணவாயைச் சுற்றி நிலைமை கைமீறியது. கார்கில், திராஸ், அடுத்து கணவாய் என ஒவ்வொன்றாக எதிரியான பாகிஸ்தான் தரப்பிடம் போக, ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்கான தரைவழி அறுந்தது. லே தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம் ஆகாயம். சோனம் நோர்பு என்ற லடாக்கியப் பொறியாளர் உள்ளூர் மக்களைத் திரட்டி சிந்து நதிக் கரையில் ஒரு மண் ஓடுதளத்தைச் சமன்படுத்தினார். மே 24 அன்று ஏர் கமோடோர் மெஹர் சிங் ஒரு டகோட்டாவை ஓட்டிவந்து ஏறக்குறைய பதினோராயிரம் அடி உயரத்திலுள்ள அந்த மண்ணில் இறக்கினார். உள்ளே காற்றழுத்தம் காக்கும் வசதி இல்லாத விமானம் அது. வழியில் இருந்ததோ இமயமலை. அதில் வந்த முக்கியப் பயணி மேஜர் ஜெனரல் திம்மய்யா. தளபதியையே முதல் விமானத்தில் உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்தார்கள் என்பது இன்றைக்கு எந்தப் பாதுகாப்பு அதிகாரிக்கும் தலைசுற்ற வைக்கும் செய்தி. ஆனால் திம்மய்யாவுக்கு அது பழக்கம். ஐந்து மாதம் கழித்து அவர் செய்யப்போவதும் இதே ரகம்தான்.

ஆகாய வழியால் நகரத்துக்கு உயிர்ப்பிச்சை போடலாம். குளிர்காலம் முழுக்கச் சோறு போட முடியாது. பனி விழுவதற்குள் கணவாய் திறந்தாக வேண்டும். செப்டம்பரில் 77-வது பாராசூட் பிரிகேட் காலாட்படையைக் கொண்டு முட்டிப் பார்த்தது. இருபுறமும் செங்குத்தான பாறை, குகைகளுக்குள் இயந்திரத் துப்பாக்கிகள், நடுவே ஒடுங்கிய வழி. தாக்குதல் உடைந்து திரும்பியது.

அப்போதுதான் திம்மய்யா டாங்கி கேட்டார். 11,500 அடி உயரக் கணவாய்க்கு, கோவேறு கழுதைப் பாதை மட்டுமே உள்ள மலைக்கு, டாங்கி! மேற்குப் பகுதித் தலைமையில் இருந்த கரியப்பா சம்மதித்தார். இருவருமே குடகுக்காரர்கள், மலைச்சரிவு பார்த்து வளர்ந்தவர்கள். முந்தைய திட்டத்துக்கு வாத்து என்று பெயர். புதியதற்குக் காட்டெருமை: ‘ஆபரேஷன் பைசன்’.

கிடைத்தவை 7-வது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள். 1784-இல் மதராஸ் குதிரைப்படையாகத் தொடங்கிய ரெஜிமென்ட் அது. தலைமை லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங். எல்லோரும் அழைத்தது ‘ஸ்பேரோ’, அதாவது குருவி என்று.

இனி ஸ்டூவர்ட். இந்த வாரப் பக்கங்களைத் தின்றுதீர்த்த குற்றவாளி இதுதான். அமெரிக்கா முதலில் செய்த எம்-3 ஸ்டூவர்ட்டில் இருந்தது விமான எஞ்சின். உலகப்போர் சூடுபிடித்ததும் விமான எஞ்சின்கள் விமானங்களுக்கே போதவில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் கேடிலாக் பிரிவு ஒரு யோசனை சொன்னது: எங்கள் சொகுசுக் காரில் ஓடும் வி-8 எஞ்சினில் இரண்டை எடுத்து டாங்கிக்குள் வைத்தால் என்ன? ராணுவம் உதட்டைப் பிதுக்கியது. கேடிலாக் ஆட்கள் ஒரு எம்-3-ஐ அப்படியே மாற்றி 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். வண்டி எங்கும் மக்கர் செய்யவில்லை. அப்படிப் பிறந்தது எம்-5. காரிலிருந்த ‘ஹைட்ராமேட்டிக்’ தானியங்கி கியரும் கூடவே வந்தது. ஆக, சோஜிலாவுக்குப் போன ஸ்டூவர்ட் ஓட்டுநருக்குக் கிளட்ச் மிதிக்கும் வேலை இல்லை. இந்தியாவில் பலர் ஆட்டோமேட்டிக் காரைக் கண்ணால் பார்ப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இந்திய வீரர்கள் அதை மலைமேல் ஓட்டியிருக்கிறார்கள், 37 மில்லிமீட்டர் பீரங்கியோடு.

எடை ஏறக்குறைய 15 டன். இன்றைய கணக்கில் பொம்மை. அன்றைய ஜம்மு – ஸ்ரீநகர் சாலைப் பாலங்களுக்கு அதுவே அதிகம். எனவே டாங்கிகளைக் கழற்றினார்கள். பீரங்கியோடு சுழலும் மேல்பாகமான டரட் தனியே, உடல் தனியே. பாலம் வந்தால் எஞ்சினை நம்பாமல் வின்ச் வைத்துக் கம்பியால் இழுத்து அக்கரை சேர்த்தார்கள். டரட் இல்லாத டாங்கி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஏதோ இழுவை வண்டி, ரகசியமும் காப்பாற்றப்பட்டது. பானிஹால் கணவாய், ஸ்ரீநகர், சோனமார்க் என ஊர்ந்து பால்தால் வந்து சேர்ந்தன.

பால்தாலோடு சாலை முடிந்தது. அங்கிருந்து கணவாய் வரை ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு அடி ஏற்றம். ஏறுவது கழுதைகளின் தடம்.

அந்தத் தடத்தைச் சாலையாக்கியவர்கள் மதராஸ் சாப்பர்ஸ். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் தலைமையகம் கொண்ட மதராஸ் பொறியாளர் படைப்பிரிவு. 1780-இல் மதராஸ் பயனியர்ஸ் என்ற பெயரில் திரட்டப்பட்டது. தென்மாநிலத்துப் பையன்கள் நிறைந்தது. ராணுவம் முழுக்க அவர்களுக்கு ஒரே பெயர், ‘தம்பி’. பஞ்சாபி அதிகாரியும் கூர்க்கா ஜவானும்கூட அவர்களைத் தம்பி என்றே கூப்பிடுவார்கள். முள்வேலியைத் தகர்க்க உலகப் படைகள் எல்லாம் பயன்படுத்திய ‘பெங்களூர் டார்பிடோ’ இவர்கள் வீட்டுச் சரக்கு. 1912-இல் இந்தப் பிரிவின் கேப்டன் மெக்ளின்டாக் குழாய்க்குள் வெடிமருந்தை அடைத்துச் செய்தது. நார்மண்டிக் கடற்கரை வரை அது போனது வேறொரு கதை. அதற்கு இங்கே இடமில்லை.

இரண்டு ஃபீல்டு கம்பெனி தம்பிகள் பாறையை வெடிவைத்துச் செதுக்கி, சரிவை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, ஜீப் போகும் அகலத்துக்குப் பாதையைக் கொண்டுவந்தார்கள். மேலே கணவாய் எதிரியின் கையில். சென்னையில் மார்கழிப் பனிக்கே மப்ளர் கட்டும் சனங்களின் பிள்ளைகள் அக்டோபர் மாத இமயமலைக் குளிரில் மண் வெட்டினார்கள். ஆனாலும் சோஜிலா என்றதும் டாங்கிப் படையின் பெயரும் திம்மய்யாவின் பெயரும்தான் முதலில் வருகின்றன. மண்வெட்டிக்கு மூன்றாம் இடம்கூடத் தகராறுதான். இது நியாயமில்லை என்பது இந்தத் தொடரின் கட்சி.

உயரத்தில் இன்னொரு தொல்லை காத்திருந்தது. 11,500 அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் எஞ்சின் இழுக்கும் காற்று குறைந்தால் சக்தியும் அந்த அளவுக்கு இறங்கும். இரண்டு கேடிலாக் எஞ்சின்கள் இருந்தும், கணவாயில் கிடைத்தது ஒன்றரைக்கும் குறைவான எஞ்சினின் வேலை.

பனிப்பொழிவு தாக்குதலைத் தள்ளிப்போட்டது. 1948 நவம்பர் 1 பிற்பகலில் வானம் முழுதாகத் தெளியாமலேயே டாங்கிகள் புறப்பட்டன. பின்னால் 25 பவுண்டர் பீரங்கிகள் முழங்கின. திம்மய்யாவும் முன்வரிசை டாங்கி ஒன்றில் ஏறிக்கொண்டார். டகோட்டாவில் போன மனிதர் வேறு எங்கே உட்காருவார்! அந்த உயரத்துக்கு டாங்கி வரும் என்று எதிர்ப்பக்கத்தில் யாரும் நினைத்திருக்கவில்லை. செப்டம்பரில் ஒரு பிரிகேடையே நிறுத்திய குகைத் துப்பாக்கிகளை ஸ்டூவர்ட்டின் சிறிய பீரங்கி கிட்டத்தில் போய் ஒவ்வொன்றாக வாயடைத்தது. கணவாய் அன்றே விழுந்தது. அதுவரை உலகில் எங்கும் டாங்கிகள் இவ்வளவு உயரத்தில் போரிட்டதில்லை என்று படை வரலாறுகள் குறிக்கின்றன. நவம்பர் 24-இல் கார்கிலில், லேயிலிருந்து வந்த படையும் இந்தப் படையும் கைகுலுக்கின. குருவிக்கு மகாவீர் சக்கரம். 1965 போரில் முதலாம் கவசப் படைப்பிரிவை நடத்தியதற்காக இன்னொரு முறையும்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே லடாக், அதே தலைவலி. 1962 அக்டோபரில் சீனப் படை நெருங்கியபோது சூஷுலில் டாங்கி இல்லை. 14,000 அடிக்கு மேலே உள்ள இடம். இம்முறை சாலை போடவும் நேரமில்லை. சண்டிகரில் 20-வது லான்சர்ஸ் ரெஜிமென்ட்டின் ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கிகளை ஏ.என்-12 விமானங்களுக்குள் ஏற்றினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் விமானத்தில் ஏற்றுவதை மனதில் வைத்தே செய்த டாங்கி அது, எடை 15 டன்னுக்குள். ஏ.என்-12 சுமக்கக்கூடியது 20 டன். அது சமவெளிக் கணக்கு. மெல்லிய காற்றில் இறக்கைக்கும் பிடிமானம் குறைவு என்பதால் ஒவ்வொரு நூறு கிலோவும் விமானிக்குக் கவலைதான். இருந்தும் போய் இறங்கின. நவம்பரில் ஸ்பாங்கூர் இடைவெளிப் பக்கம் சுட்டன. இதே 20-வது லான்சர்ஸ் 1965 செப்டம்பர் முதல் தேதி சம்பில் பேட்டன்களை எதிர்த்து நின்றதை ஐந்தாம் அத்தியாயத்தில் படித்தீர்கள்.

2020-இல் பொம்மை டாங்கிகளின் காலம் போயிருந்தது. சி-17 விமானத்தில் டி-90 போகும், ஒரு பயணத்துக்கு ஒன்று. அதன் எடை 46 டன். ஆகஸ்ட் கடைசியில் கைலாஷ் மலைத்தொடரின் ரெசின் லா பக்கம் இந்திய டாங்கிகள் ஏறி நின்ற படங்களை நாடே பார்த்தது. சுடுவதற்கு அங்கே அவசியம் வரவில்லை. குளிரோடு தினமும் சண்டை. மைனஸ் முப்பதில் சாதாரண டீசல் குழம்பி மெழுகாகிவிடும். அதனால்தான் 2019 நவம்பரில் இந்தியன் ஆயில், மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை லடாக்கில் விற்கத் தொடங்கியது. ஊர் லாரிகளுக்கும் அதே பிரச்சினைதானே.

கனமான டாங்கியை மேலே கொண்டுபோகலாம். அங்கே ஓட்டுவது வேறு. 2024 ஜூன் கடைசியில் கிழக்கு லடாக்கில் ஆறு கடக்கும் பயிற்சியின்போது ஷ்யோக் ஆற்றில் வெள்ளம் திடீரென ஏறி, டி-72 ஒன்றில் இருந்த ஐந்து வீரர்கள் உயிரிழந்தார்கள். அடுத்த வாரமே, ஜூலை 6 அன்று, குஜராத்தின் ஹஜிராவில் ஒரு புதிய டாங்கி பொதுவெளிக்கு வந்தது. பெயர் ஜோராவர், 1841-இல் திபெத்தில் போரிட்டு மடிந்த டோக்ரா தளபதியின் பெயர். எடை 25 டன், நீரில் மிதக்கும், 105 மில்லிமீட்டர் பீரங்கி. அந்த டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேல் போய்ச் சுட்டுக் காட்டியது. சீனர்களிடம் இதே வேலைக்கு டைப்-15 ஏற்கெனவே இருக்கிறது, ஜோராவரைவிடச் சில டன் கூடுதலாக.

ஜோராவரை எல் அண்டு டி நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்தது போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமான சி.வி.ஆர்.டி.இ. அது இருப்பது ஆவடியில்! சுற்றி வளைத்து வாக்குறுதி கொடுத்த ஊர் வாசலுக்கு வந்தாயிற்று. அச்சுக்குப் போகும் நேரமும் வந்துவிட்டது.

அடுத்த வாரம் உள்ளே போகலாம். 1965 டிசம்பரில் வெளிவந்த முதல் விஜயந்தாவிலிருந்து தொடக்கம். முக்கியமாக அதன் லேலண்ட் எல்-60 எஞ்சின்: ஆறு சிலிண்டர், ஆனால் பன்னிரண்டு பிஸ்டன், ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு எதிரெதிரே வந்து முட்டப்போய் விலகும். டீசல், பெட்ரோல் என எதை ஊற்றினாலும் ஓடும் என்று சொல்லிச் செய்தார்கள். பிரிட்டனின் சீஃப்டன் டாங்கிக்காரர்கள் அதே எஞ்சினை வைத்துக்கொண்டு பட்ட பாட்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அர்ஜுன் டாங்கி அதற்கும் அடுத்த வாரம், இடம் இருந்தால்.