சந்தோசமும் அதன் வரம்பும்

'சந்தோசம்' என்னும் சொல்லுக்குப் பேச்சு வழக்கில் இரு பொருள் உண்டு. உள்ளத்தில் எழும் மகிழ்ச்சி ஒன்று. பேசிய கூலிக்கு மேலாக, உதவி செய்தவர் கையில் வைக்கப்படும் சிறு பணம் மற்றொன்று. இனாம் என்றும் டிப்ஸ் என்றும் வழங்கப்படுவதும் இதுவே. பணத்துக்கு மகிழ்ச்சியின் பெயரை இட்டவர்கள், அது எவ்வாறு கொடுக்கப்பட வேண்டும் என்பதையும் அப்பெயரிலேயே உணர்த்தியுள்ளார்கள்.

திருகோணமலைத் துறைமுகப் பட்டினத்துக்கு இது புதியதன்று. 1957ஆம் ஆண்டு வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக விளங்கிய இத்துறைமுகம் பல நாட்டு மாலுமிகளைக் கண்டது. இன்று நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் உல்லாசப் பயணிகள் வருகின்றனர். அவர்கள் பெருந்தொகையாக வருவது சித்திரை முதல் புரட்டாதி வரையிலான மாதங்களிலேயே. வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் கடல் கொந்தளிக்கும். புறாத்தீவுக்குச் செல்லும் படகுகள் கரையேறும். விடுதி அறைகள் வெறுமையாகும். ஆகவே பருவகாலத்தில் கிடைக்கும் சந்தோசம், மாரிகாலத்து அடுப்புக்கும் துணை செய்கின்றது.

விடுதிப் பற்றுச்சீட்டுகள் பலவற்றில் 10 வீதம் சேவைக் கட்டணமாகச் சேர்க்கப்படுவதுண்டு. அவ்வாறு சேர்க்கப்பட்டிருப்பின் மேலும் கொடுக்க வேண்டிய கடமை இல்லை. கொடுப்பது விருப்பத்தின் பாற்பட்டது. ஆயினும் உணவு பரிமாறுபவரை மாத்திரமே விருந்தினர் காண்கின்றனர். சமையற்கூடத்தில் பாத்திரம் துலக்குபவரும், அதிகாலையில் அறையைத் துப்புரவு செய்பவரும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர்களுக்கும் பங்கு சேரும் வண்ணம் பொது உண்டியலில் இடுவது நன்று. படகோட்டிக்குக் கொடுப்பதாயின், கரைக்கு வந்த பின்னர், பேசிய கூலியை முழுமையாகச் செலுத்திவிட்டு, அதன் மேலாகவே கொடுத்தல் வேண்டும். கூலியைக் குறைத்துப் பேசிவிட்டு, பின்னர் சந்தோசம் என்று அக்குறையை நிரப்புவது கொடையாகாது.

கொடுக்கும் முறையை மிக நுணுக்கமாக வகுத்த இடம் எதுவென வினவின், விடை வியப்பளிக்கும்: அது சூதாட்ட விடுதி. இலங்கையில் அத்தகைய விடுதிகள் கொழும்பிலேயே இயங்குகின்றன. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், சீட்டுப் பகிர்பவருக்குக் கொடுக்க விரும்பும் ஆட்டக்காரர் பணவில்லையை அவர் கையில் வைப்பதில்லை; மேசைமீது வைக்கின்றார். பகிர்பவர் அவ்வில்லையால் மேசையைத் தட்டி, மேற்பார்வையாளர் அறியச் செய்து, பூட்டிய பெட்டியில் இடுகின்றார். அப்பெட்டியிற் சேர்ந்தது பின்னர் பலருக்கும் பகிரப்படுகின்றது. சிங்கப்பூரிலோ, சூதாட்ட விடுதி ஊழியர் ஆட்டக்காரரிடம் அன்பளிப்புப் பெறுவதையே சட்டம் தடுத்துள்ளது.

ஏன் இத்தனை எச்சரிக்கை? சீட்டு அவர் கையில் உள்ளது என்பதே காரணம். வெற்றி தோல்வியை மாற்றக்கூடிய கையில் இரகசியமாகப் பணம் வைக்கப்பட்டால், அது நன்றியா, விலையா என்று எவராலும் கூற இயலாது. சூதாடும் மேசைக்கே இவ்விதி வேண்டியிருக்குமாயின், பொதுமக்களின் அலுவலைத் தீர்க்கும் மேசைக்கு எவ்வளவு வேண்டும்! துறைமுகச் சுங்கத்திலும் கந்தோரிலும் இருக்கும் உத்தியோகத்தரின் கையில் அனுமதியும் மறுப்பும் உள்ளன. அங்கே கொடுக்கப்படுவது, எத்துணை இனிய பெயரால் அழைக்கப்பட்டாலும், இலஞ்சமே. 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டமும், அதனை நீக்கி வந்த 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டமும் வாங்குபவரை மட்டுமன்றிக் கொடுப்பவரையும் குற்றவாளியாகவே கொள்கின்றன.

இன்னுமொரு வரம்பும் உண்டு. சந்தோசம் ஊதியத்துக்கு ஈடாகாது. அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி, அன்பளிப்புப் பெறும் தொழிலாளருக்கு முதலாளி தரவேண்டிய மிகக் குறைந்த மணிக்கூலி 1991ஆம் ஆண்டில் 2.13 டொலராக்கப்பட்டு, பல்லாண்டுகள் உயராது கிடந்தது. எஞ்சியதை விருந்தினரின் கருணையே நிரப்ப வேண்டியதாயிற்று. பிரித்தானியாவிலோ, ஊழியருக்கெனக் கொடுக்கப்பட்டது முழுவதும் ஊழியரையே சேரவேண்டும் என்ற சட்டம் 2024 ஒக்ரோபர் மாதம் நடைமுறைக்கு வந்தது. உழைப்புக்கு உரிய விலையை முதலாளி கொடுப்பது நீதி; அதற்கு மேல் விருந்தினர் கொடுப்பது அன்பு. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்தலாகாது.

பணி முடிந்த பின் கொடுத்தல், பிறர் காணக் கொடுத்தல், உழைத்த யாவருக்கும் சேரக் கொடுத்தல், தீர்மானிக்கும் அதிகாரம் உள்ளவருக்குக் கொடாதிருத்தல்: இந்நான்கும் பேணப்படின், கொடுப்பவர் கை தாழ்த்துவதில்லை, வாங்குபவர் தலை தாழ்வதில்லை. அப்பொழுதே அப்பணம் தன் பெயருக்கு ஏற்றதாகின்றது.