"ஒண்ணும் இல்ல மேடம்" என்று சொல்வதற்கு முன்

நேர்முகத் தேர்வு முடியும் நேரத்தில் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் ஃபைலை மூடிக்கொண்டே கேட்பார்: "வேற ஏதாவது கேக்கணுமாம்மா?" எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண் ஒரு நொடி தயங்குவார். கைப்பைக்குள் வகுப்பு அட்டவணை நான்காக மடித்துக் கிடக்கும். எடுத்துக் காட்டினால் வேலை கைநழுவிவிடுமோ என்று பயம். "ஒண்ணும் இல்ல மேடம்" என்பார். வேலை கிடைத்துவிடும். அடுத்த மாத டூட்டி லிஸ்ட் ஒட்டியதும், காண்டாக்ட் கிளாஸ் (நேரடி வகுப்பு) இருக்கும் அதே வாரத்தில் அவர் பெயருக்கு நேரே ஐந்து நைட் போட்டிருக்கும்.

ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்க நினைப்பவர்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அதற்கு வழி இரண்டு. கல்லூரிக்குத் தினமும் போய்ப் படிக்கும் இரண்டு வருடப் படிப்பு ஒன்று. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்தும் மூன்று வருடப் படிப்பு மற்றொன்று; அது பணியில் இருக்கும் நர்சுகளுக்கென்றே வைத்தது. நேர்முகத்தில் என்ன பேசுவது என்பது, நீங்கள் இதில் எந்த வழியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ரெகுலர் படிப்பு என்றால் இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி கறாரானது. ஒவ்வொரு பாடத்திலும் தியரிக்கும் பிராக்டிகலுக்கும் 80 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. பட்டம் கைக்கு வருவதற்குள் ஒவ்வொரு பிராக்டிகல் பிரிவிலும் 100 சதவீதம் காட்டியாக வேண்டும். இதை வைத்துக்கொண்டு முழுநேர வேலையும் பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. "சேர்ந்தா போதும் சிஸ்டர், அட்டெண்டன்ஸை நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லும் ஏஜெண்டை நம்பாதீர்கள். கல்லூரியில் இருந்ததாகக் காட்டும் தேதியும், மருத்துவமனை தரும் அனுபவச் சான்றில் உள்ள தேதியும் ஒன்றன்மேல் ஒன்று விழும். அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பிலோ வெளிநாட்டு கவுன்சிலின் சரிபார்ப்பிலோ இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் போதும், குட்டு உடைந்துவிடும். ஏஜெண்ட் அப்போது ஃபோன் எடுக்க மாட்டார்.

"நைட் மட்டும் பாத்துட்டு பகல்ல காலேஜ் போறேன்" என்பவர்களும் உண்டு. இரவு எட்டு மணிக்கு ஏறிய டூட்டி காலை எட்டுக்கு முடிகிறது. ஹேண்டிங் ஓவர் கொடுத்து, மருந்துக் கணக்கு ஒப்படைத்து இறங்க எட்டரை. ஒன்பது மணிக்கு வகுப்பு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பே 0.03தான். அந்த நிலையில் ஐ.சி.யூ.வில் இன்சுலின் யூனிட்டை ஏற்றுகிற கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தவறு நடந்தால், நீங்கள் படிக்கிறீர்கள் என்று யாரும் இரக்கம் காட்டப் போவதில்லை.

இனி சட்டம். படிக்கும் ஊழியருக்கு ஏற்றபடி ஷிஃப்டை மாற்றிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று தனியார் மருத்துவமனையைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் கிடையாது. கசப்பாக இருந்தாலும் இதைத் தெரிந்துகொண்டு பேசப் போவது நல்லது. சட்டம் தராததை ஒப்பந்தம்தான் தர வேண்டும். ஒப்பந்தத்தில் உங்கள் பேச்சுக்கு எடை இருப்பது கையெழுத்துப் போடும் வரைதான். நர்ஸ் கிடைக்காமல் வார்டு திண்டாடுவது சூப்பரின்டெண்டென்டுக்கும் தெரியும். வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் அது சலுகை; முதல் நாளே கேட்டால் நிபந்தனை.

எப்போது சொல்வது? ஷிஃப்ட் பற்றிய பேச்சு வந்ததும், சம்பளப் பேச்சுக்கு முன்னால். அழவோ கெஞ்சவோ வேண்டாம். "மேடம், நான் இக்னோவுல போஸ்ட் பேசிக் படிக்கிறேன். காண்டாக்ட் கிளாஸ் தேதி இந்தத் தாள்ல இருக்கு. அந்த நாளும் அதுக்கு முந்தின நைட்டும் மட்டும் எனக்கு வேண்டாம். பரீட்சை ஜூன்லயும் டிசம்பர்லயும். பொங்கல், தீபாவளி டூட்டி நான் பாக்குறேன்." இவ்வளவுதான். வேண்டியதைத் தேதியோடு சொன்னாயிற்று, பதிலுக்குக் கொடுப்பதையும் சொன்னாயிற்று. பண்டிகை நாள் டூட்டிக்கு ஆள் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது லிஸ்ட் எழுதும் எந்த இன்சார்ஜ் சிஸ்டருக்கும் தெரியும்.

அந்த இன்சார்ஜ் சிஸ்டரைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். நேர்முகத்தில் தலையாட்டுபவர் சூப்பரின்டெண்டென்ட். மாதக் கடைசியில் உட்கார்ந்து லிஸ்ட் எழுதுபவர் வார்டு இன்சார்ஜ். அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் நேர்முகத்திலேயே கேளுங்கள்: லிஸ்ட் யார் போடுவார்கள், எத்தனை நாள் முன்னால் ஒட்டுவார்கள், மாதம் எத்தனை நைட், ஆள் மாற்றிக்கொள்ள அனுமதி உண்டா. பிறகு, பேசியதைப் பணி நியமன ஆணையில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமன ஆணையை எழுத்தில் தருவது நிர்வாகத்தின் கடமை. வரி சேர்க்க மறுத்தால், அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: "இன்று நேர்முகத்தில் பேசியபடி இன்னின்ன தேதிகளில் எனக்கு வகுப்பு இருக்கும்." வாய்வார்த்தைக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

படிக்கிற பெண் என்பதால் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து 2016இல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூட நர்சுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரைதான், சட்டம் இல்லை. பேரம் பேச உதவும்.

இத்தனை வருடம் வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்டு விஷயத்தில் இரண்டு எல்லையிலும் தவறான நம்பிக்கை இருக்கிறது. இரண்டு வருடம் முடியும் முன் வேலையை விட்டால் போலீஸ் வரும் என்று நடுங்குபவர்கள் ஒரு பக்கம். தனிநபர் உழைப்பைக் கட்டாயப்படுத்தி வாங்க நீதிமன்றம் உத்தரவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, பாண்டில் எவ்வளவு எழுதியிருந்தாலும் அந்த வரம்புக்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்க முடியும். பாண்டு வெறும் காகிதம் என்று அலட்சியமாக இருப்பவர்கள் மறுபக்கம். மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் பாண்டை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ஆகவே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். தொகை எழுதாத செக்கில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்து வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் படிப்பை முடக்குவது ஒரிஜினல் சான்றிதழை வாங்கி லாக்கரில் வைத்துக்கொள்ளும் பழக்கம். கல்லூரி இடத்துக்கான கவுன்சலிங் என்று தகவல் வரும். அங்கே மதிப்பெண் பட்டியலும் கவுன்சில் பதிவுச் சான்றும் அசலாகக் காட்ட வேண்டும். நிர்வாக அதிகாரி "எம்.டி. ஊர்ல இல்லம்மா, திங்கக்கிழமை வா" என்பார். திங்கட்கிழமை சீட் வேறொருவருக்குப் போயிருக்கும். கல்விச் சான்றிதழ் சந்தையில் விற்கும் பொருள் அல்ல, அதை அடகுபோல் பிடித்துவைக்க உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், நகல் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், எந்தெந்தச் சான்றிதழ் என்று எழுதி முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

ஒப்புக்கொண்டதை மீறினால் முதலில் சூப்பரின்டெண்டென்டுக்கும் எச்.ஆருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். கோபத்தில் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். அப்ஸ்காண்ட் என்று எழுதி அனுபவச் சான்றைத் தர மறுக்க அதுவே சாக்காகிவிடும். நோட்டீஸ் காலம் பார்த்து முறையாக ராஜினாமா கொடுத்து விலகினால், பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பக் காசு இல்லை என்று நிற்க வேண்டியதில்லை. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்கு நேரில் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். போகும்போது நியமன ஆணை, டூட்டி லிஸ்ட்டின் ஃபோட்டோ, அந்த மின்னஞ்சல் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.